விண்ணப்பத்தில் எனக்குக் கண் தெரியும்

விருத்தாசலம்,
12.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் போகாமல் சில நாள் பேக்கிங்கில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

மார்க்கு உனக்குப் போனிலேயே தெரியும். மீதியை அப்பா பக்கத்தில் நிற்கும்போது பேச முடியாது, அதனால் பிரெயில் புள்ளியில் குத்துகிறேன். இந்த வீட்டில் இந்த எழுத்து உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பார்வையற்றோர் தபால் என்று தபால்காரர் காசு வாங்காமல் கொண்டுபோகிறார், ஆனால் உறையை ஒட்டக் கூடாதாம். ஒட்டாவிட்டால் என்ன, பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் மேடு பள்ளம். நீயோ புள்ளியைக் கூடக் கண்ணால் படிக்கிற சோம்பேறி.

விஷயம் கல்லூரி விண்ணப்பம். பி.காம். கேட்டு நானே போட உட்கார்ந்தேன். தாள் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் ஆன்லைன்தான். என் போனில் வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறதே, அது பேங்கு விண்ணப்பத்தையே கடகடவென்று வாசிக்கும். இந்தப் பக்கத்தில் அதற்கு வாய் அடைத்துவிட்டது. பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்தால் "எடிட் பாக்ஸ்" என்கிறது. அப்பா பெயருக்கும் "எடிட் பாக்ஸ்". பிறந்த தேதிக்கும் அதே. எதில் எதை எழுதுவது? ஏதோ ஒரு கட்டத்தில் தப்பாகப் போட்டுவிட்டேன், பக்கம் நகர மறுத்தது. என்ன தப்பு என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வெண்பா வந்து பார்த்து, தப்பான கட்டத்தைச் சிவப்பாகக் காட்டுகிறது என்றாள். சிவப்பாம், எனக்கு.

அதையும் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு படம். அதில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதி, நான் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். காதால் கேட்டு எழுத வழி இல்லை. நான் தடவிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று பக்கம் என்னை வெளியே தள்ளிவிட்டது.

கம்பெனியில் உனக்கு வேலையே இப்படிப் பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பதுதானே. இதைச் செய்த புண்ணியவான் யார் என்று விசாரித்துச் சொல். அவனை நான் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மனிதப் பிறவி என்று இன்னும் நிரூபிக்காத தங்கை,
வேல்விழி


சென்னை,
18.5.2025

அன்புள்ள வேலுவுக்கு,

இங்கே நலம். ரூமில் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறது, சாப்பாடு மெஸ்ஸில். அம்மாவிடம் சொல். அப்பாவை மாஸ்க் போட்டுக்கொண்டு சூளைக்குப் போகச் சொல், எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார், நீதான் கத்த வேண்டும்.

உன் மார்க்கை ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி ஸ்வீட் கொடுத்தேன். பி.காம். நல்ல முடிவு.

அந்த விண்ணப்பத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பஸ் ஸ்டாண்டு பக்கம் அன்புச்செல்வன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு இது ஐந்து நிமிஷ வேலை. உனக்கு நல்ல இயர்போன் ஒன்று பார்சலில் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
பாரி


விருத்தாசலம்,
24.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல், சாப்பாடு, வெயில் எல்லாம் போன தடவை போலவே. இயர்போன் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அன்புச்செல்வன் கடைக்குப் போனோம். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்ணுக்கு என்ன கோர்ஸுங்க வேணும்?" என்று அப்பாவிடம் கேட்டான். "பி.காம்." என்றேன் நான். "பி.காம்.ங்களா?" என்று மறுபடி அப்பாவையே கேட்டான். நான் அந்த இடத்தில் ஒரு பை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் ஆதார் நம்பர், போன் நம்பர், மார்க்கு எல்லாவற்றையும் கடையில் இருந்த ஊரே கேட்க உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நானே போட்டிருந்தால் என் விரலுக்கும் காதுக்கும் மட்டும் தெரிந்திருக்கும்.

மாற்றுத்திறனாளியா என்ற இடம் வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. சர்ட்டிபிகேட்டை ஏற்றினால், "சுத்திக்கினே இருக்குதுங்க, உள்ள வாங்க மாட்டேங்குது" என்றான். வெகுநேரம் மல்லுக்கட்டினான். பிறகு எழுந்து வெளியே போய்ப் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். வந்ததும் டக்டக்கென்று தட்டினான், "போயிடுச்சுங்க" என்றான். என்ன செய்தாய் என்று கேட்டேன். "போயிடுச்சுமா, கவலப்படாத" என்றான். பிரிண்ட் எடுத்து அப்பா கையில் கொடுத்தான், அப்பா அதைப் பீரோவில் வைத்துவிட்டார்.

என்னோடு விடுதிப் பள்ளியில் இருந்த துர்கா நினைவிருக்கிறதா, ஸ்ரீமுஷ்ணத்துக்காரி? அவளும் அதே கல்லூரிக்கு, யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறாள். அவளுக்கும் என்ன போட்டார்கள் என்று தெரியாது.

இந்தப் பக்கத்தைச் செய்தவன் யார்? விசாரித்தாயா, இல்லையா?

உன் தங்கை,
வேல்விழி


சென்னை,
5.6.2025

வேலு,

நலம்தானே. வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் தாமதம்.

விண்ணப்பம் போய்விட்டதல்லவா, அதோடு விடு. யார் செய்தால் என்ன, நாட்டில் பாதிப் பக்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன. கூப்பிடும் நாளில் சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு போ. அப்பாவின் இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா?

பாரி


விருத்தாசலம்,
16.6.2025

அண்ணா,

அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, தூசிதான் என்றார்கள். நலம் விசாரிப்பு இவ்வளவுதான், இன்றைக்கு என்னால் அதற்கு மேல் முடியாது.

சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முடிந்துவிட்டது. என்னைக் கூப்பிடவில்லை. நூற்றுக்கு ஐந்து இடம் எங்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. அதில் எனக்கு ஒன்று கிடைக்கும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஆபீஸில் ராஜம்மாள் என்று ஒரு மேடம், என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"மாற்றுத்திறனாளியான்னு கேட்ட எடத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்குதும்மா. உனக்குக் கண்ணு தெரியும்னுதான் சிஸ்டம் சொல்லுது" என்றார்.

நான் வெள்ளைக்கோலைப் பிடித்துக்கொண்டு அவர் மேசைக்கு எதிரில் நிற்கிறேன். அம்மா சொன்னாள், "ஏங்க, எதிர்லதான நிக்கிறா. பாத்தா தெரியலீங்களா?"

"நான் பாத்து என்னம்மா பண்றது, சிஸ்டம் பாக்கணுமே" என்றார் அவர்.

திருத்தச் சொன்னேன். பூட்டிவிட்டார்களாம், திருத்த முடியாதாம். அதோடு, தவறான தகவல் தந்தால் விண்ணப்பமே ரத்தாகும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம், அதற்கு நான் சம்மதம் தந்திருக்கிறேனாம். பொதுப் பட்டியலில் என் எண் எங்கோ வாலில் கிடக்கிறது. துர்காவையும் கூப்பிடவில்லை.

பிறந்ததிலிருந்து எனக்குப் பார்வை வர வேண்டும் என்று அம்மா பழமலைநாதர் கோயிலைச் சுற்றினாள். கடைசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். செராமிக்கில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்களாம், அப்பா பேசினால் சேர்த்துக்கொள்வார்களாம், கப்பைத் தாளில் சுற்றக் கண் வேண்டாமாம். எனக்கு அந்த வேலை இழிவு இல்லை, அப்பா செய்கிற வேலைதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் விடுதியில் படித்துவிட்டு, ஒருவன் தட்டிய ஒரு தட்டில் அங்கே போய் உட்கார மாட்டேன்.

உடனே எழுது. சென்னையில் யாரைப் பார்க்க வேண்டும், எப்படித் திருத்த வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். 'இல்லை' என்று போட்டால் போய்விடும் என்ற வித்தை அன்புச்செல்வனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்றும் எனக்குப் புரியவில்லை.

வேல்விழி


விருத்தாசலம்,
2.7.2025

திரு. பாரி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதாமல் இருக்கத் தெம்பு வேண்டும் அல்லவா?

தங்கள் பதிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், யாரையும் கூப்பிடாமல் பாலக்கரையைத் தாண்டி நானே அன்புச்செல்வன் கடைக்குப் போனேன். விடாமல் கேட்டேன். பிறகு சொன்னான்: "நானா ஒண்ணும் பண்ணலமா. 'ஆம்'னு போட்டா சுத்திக்கினே இருந்துச்சு. பாரிக்குத்தான் போன் போட்டேன். 'இல்லைன்னு போட்டுடு, போயிடும், அந்த எடத்துல அது அப்டித்தான் மாட்டிக்கும்'னான். அண்ணன் தங்கச்சி நீங்க, உங்களுக்குள்ள பேசியிருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

அந்த இடத்தில் அது அப்படித்தான் மாட்டும் என்று சென்னையில் இருக்கும் தங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இந்தத் தடவை எதையும் நிரப்பவில்லை, விரலை வைத்துக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். பட்டன், பட்டன், எடிட் பாக்ஸ், பட்டன். அடியில் போனதும் குரல் தெளிந்தது. வடிவமைத்து உருவாக்கியவர்கள் என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிப் பெயர். அப்பா டீக்கடையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் அதே பெயர். அந்தப் பக்கம் முழுவதிலும் எனக்குப் புரியும்படி வாசித்த ஒரே வரி அதுதான்.

யார் செய்தால் என்ன என்று எழுதினீர்கள். நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் சொன்ன ஆள் என் கேள்வியைப் படித்துவிட்டு எனக்கு இயர்போன் அனுப்பியிருக்கிறார்.

கேள்வி கேட்டு இனி ஆவது இல்லை. எனக்கு எழுத்தில் வேண்டும். பக்கம் பழுது என்றும், தங்களுக்கு அது தெரியும் என்றும், தாங்கள் சொல்லித்தான் 'இல்லை' என்று போடப்பட்டது என்றும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். கடலூரில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். அதை வைத்துத்தான் நான் மனுக் கொடுக்க முடியும். அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தாளில் அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். அழுத்திக் குத்திவிட்டேன்.

வேல்விழி


சென்னை,
8.7.2025

வேலு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பக்கத்தைச் சோதித்தவன் நான்தான். வாசிக்கும் குரல் கட்டங்களின் பெயரைச் சொல்லவில்லை, சர்ட்டிபிகேட் ஏற்றுமிடம் மாட்டிக்கொள்கிறது என்று எழுதித்தான் கொடுத்தேன். "இதெல்லாம் எத்தனை பேரு யூஸ் பண்ணப் போறாங்க?" என்றார் மேனேஜர். திறக்கும் தேதி நெருங்கிவிட்டது. பிறகு சரிசெய்யலாம் என்றார்கள். எல்லாம் சோதித்தாயிற்று என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

அது நீ போடப்போகும் கல்லூரி என்று முதலில் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சொல்லப் பயமாக இருந்தது. இப்போதைக்கு 'இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டு உள்ளே இருந்து நானே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கல்லூரி பூட்டிவிட்டது.

எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை இருக்காது, வேறு கம்பெனியிலும் சேர்க்க யோசிப்பார்கள். அப்பா இன்னும் எத்தனை காலம் அந்தத் தூசியில் நிற்பார்? அதை நினைத்துப் பார். ஒரு வருஷம் பொறு. அடுத்த வருஷம் நானே ஊருக்கு வந்து என் கையால் உனக்குப் போட்டுத் தருகிறேன்.

பாரி


விருத்தாசலம்,
12.7.2025

திரு. பாரி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கவில்லை.

அப்பாவின் இருமலைத் தூக்கி என் முன்னால் வைக்கிறீர்கள். அந்த இருமலோடு அவர் என்னைப் படிக்கவைத்தது அடுத்த வருஷத்துக்காக இல்லை. அடுத்த வருஷம் தங்கள் கையால் போட்டுத் தருவீர்களா? எனக்கு என் கை இருக்கிறது. தங்கள் கை போட்ட கையெழுத்தின் லட்சணத்தைப் பார்த்துவிட்டேன்.

மேனேஜரை நான் திட்டப்போவதில்லை, அவர் யாரோ. எத்தனை பேர் என்று அவர் கேட்டபோது தாங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் தேடினேன். இரண்டு தடவை தடவிப் பார்த்தேன். தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தங்களுக்கு ஒரு பெயராவது தெரியுமே. என் எட்டாவது வயதில் என்னோடு ரகசியம் பேசுவதற்கென்றே இந்தப் புள்ளிகளைக் கற்றுக்கொண்ட ஆளுக்கு, அந்த இடத்தில் ஒரு பெயர் சொல்ல நா எழவில்லையா?

என் மார்க்கைச் சொல்லி ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தீர்களே, அந்தத் தங்கைக்குக் கண் தெரியாது என்று அவர்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அன்புச்செல்வனிடம் 'இல்லைன்னு போடு' என்று தங்களுக்கு அவ்வளவு லேசாகச் சொல்ல வந்ததற்குக் காரணம் அதுதான். அதற்கு முன்பே பழக்கம் இருந்திருக்கிறது.

வருகிற திங்கட்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும் நான் கடலூர் போகிறேன். தங்கள் கடிதம் இருந்தாலும் போவேன், இல்லாவிட்டாலும் போவேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு இருமினார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். எழுத வேண்டிய இடம் வேறு.

வேல்விழி


சென்னை,
22.7.2025

வேலு,

கலெக்டருக்கும், கல்லூரி முதல்வருக்கும், என் மேனேஜருக்கும் அனுப்பியதை அப்படியே புள்ளியில் குத்தியிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட தாள் அப்பா பெயருக்குத் தனியாக வரும்.

"இந்த விண்ணப்பப் பக்கத்தைச் சோதித்தவன் நான். பார்வையற்றவர்கள் இதைத் தாங்களாக நிரப்ப முடியாது என்பதும், மாற்றுத்திறனாளி என்று குறித்தால் பக்கம் நின்றுவிடும் என்பதும் தெரிந்தே, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டேன். விருத்தாசலத்தைச் சேர்ந்த வேல்விழியின் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னதும் நான்தான். அவர் பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். வேல்விழி என் தங்கை. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை."

கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. நீ சொன்னது நிஜம், ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அப்பாவைப் பார்த்துக்கொள்.

பாரி


விருத்தாசலம்,
20.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா இப்போது மாஸ்க் போடுகிறார், நான் கத்துவதால் இல்லை, அவர் பெயருக்கு வந்த உன் தாளை வெண்பா வாசித்துக் காட்டியதிலிருந்து. அம்மா சுகம். அனுப்புநர் முகவரி மாறியிருக்கிறது என்று தபால்காரர் சொன்னார். காரணம் நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

கல்லூரியில் கூப்பிட்டார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, எல்லோரும் என்னை 'வாங்கம்மா' என்றார்கள். எங்கள் பிரிவில் நிரம்பாத ஓர் இடம் இருக்கிறதாம். முதல்வர் சொன்னார்: "நாங்களே உள்ள போட்டுக்கறோம்மா. நீ ரேகை மட்டும் வச்சிட்டுப் போயிடு." அப்பா உடனே என் கையைப் பிடித்து மை டப்பா பக்கம் கொண்டுபோனார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"பக்கத்தைச் சரி பண்ணுங்க சார், நானே போடறேன்" என்றேன்.

"அதுக்குள்ள கடைசித் தேதி போயிட்டா?"

"அப்போ மறுபடி கடலூர் போவேன் சார்."

வழியெல்லாம் அப்பா திட்டினார். "குடுக்கறத வாங்கிக்கத் தெரியல உனக்கு" என்றார். எனக்கும் உள்ளே உதறல்தான், உன்னிடம் மறைப்பானேன். பேக்கிங் வேலையை நினைத்துத் தூக்கம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு ரேகை வைத்திருந்தால் அடுத்த வருஷமும் இன்னொருத்தி பை மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

கடைசித் தேதிக்கு முன்னால் பக்கம் சரியாகி வந்தது. யார் சரிசெய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் என் கட்டிலில் உட்கார்ந்து நானே போட்டேன். "விண்ணப்பதாரர் பெயர்" என்றது குரல். "தந்தை பெயர்" என்றது. பழமலைநாதன் என்று எழுதும்போது அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றுத்திறனாளியா என்று கேட்டது, 'ஆம்' என்று அழுத்தினேன், அது பாட்டுக்கு நகர்ந்தது. மனிதப் பிறவியா என்று இந்தத் தடவை கேட்கவே இல்லை. பி.காம். கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை முதல் வகுப்பு.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. புகைப்படம் ஏற்றும் இடத்தில் இன்னும் வெறும் "பட்டன்" என்றுதான் சொல்கிறது. துர்காவுக்கு இடம் இல்லை. அவள் விண்ணப்பத்திலும் 'இல்லை' என்றுதான் இருந்திருக்கிறது. அவள் வீட்டில் மனுக் கொடுக்க விடவில்லை, மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதனால் என் கோபம் போகவில்லை, உன் மேலும் போகவில்லை. 'நீ' என்று எழுதுகிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான்.

கடலூரில் மனு வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்தேன். கம்மாபுரம் நடராசனுக்குக் கை நடுங்கும், மௌஸைப் பிடித்து அந்தச் சின்னக் கட்டத்தில் நிறுத்துவதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளியிருக்கிறது. பெண்ணாடம் ஆண்டாளுக்குக் காது கேட்காது. சரிபார்க்கும் எண்ணைப் போனில் கூப்பிட்டுத்தான் சொல்வோம் என்றிருக்கிறார்கள் ஒரு கல்லூரியில். அவளுடைய அக்கா இதைச் சொல்லிவிட்டு அழுதாள்.

நீ எந்தக் கம்பெனிக்குப் போனாலும் யாராவது ஒருவர் எத்தனை பேர் என்று கேட்பார். ஸ்ரீமுஷ்ணம் துர்கா, கம்மாபுரம் நடராசன், பெண்ணாடம் ஆண்டாள் என்று சொல். அதற்கு முன்னால் என் பெயரைச் சொல்.

உன் தங்கை,
வேல்விழி